வாயும் கையும் உடலும் சேர்ந்து பேசும் மொழி

பேச்சு, கைச்சைகை, கோயில் ஆடல் ஆகிய மூன்றையும் இணைத்து ஒரு புதிய மொழியை ஆக்க விரும்புபவர், மார்கழியில் சென்னைச் சபா ஒன்றில் பதம், அதாவது கோயில் ஆடலிலிருந்து வளர்ந்த பரதநாட்டியத்தில் அபிநயத்துக்கென அமைந்த பாடல், ஆடப்படுவதை முதலில் பார்க்க வேண்டும். அந்த மூன்றுக்கும் இடையிலான வேலைப் பங்கீடு அங்கே நுட்பமாக நடந்து முடிந்திருக்கிறது.

பதாக முத்திரையை எடுத்துக்கொள்வோம். நான்கு விரல்களும் நீண்டு ஒட்டி நிற்க, கட்டைவிரல் மட்டும் மடங்கும். ஒற்றைக்கை முத்திரைகள் 28ஐ விளக்கும் அபிநய தர்ப்பணம் என்னும் வடமொழி நாட்டிய நூல், மேகம், காடு, ஆறு, இரவு, மறுத்தல் என இந்த ஒரு கைக்கே பல பொருள்களைத் தருகிறது. கை எங்கே நிற்கிறது, எவ்வாறு அசைகிறது, கண் எதைத் தொடர்கிறது என்பவைதாம் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றன. 1960இல் மொழி ஆய்வாளர் வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்தபோது, ஒவ்வொரு சைகையும் கைவடிவம், இடம், அசைவு என்னும் கூறுகளாகப் பிரியும் என்று காட்டினார். பிண்டி, பிணையல், எழிற்கை, தொழிற்கை என்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையே கைகளை வகுத்துப் பேசுவதால், இத்தகைய பகுப்பு நமக்குப் புதிதன்று.

இதைவிட வியப்பானது, வெளியைப் பயன்படுத்தும் முறை. முருகன் நிற்பதாக வலப்புறத்தில் ஓரிடத்தைக் காட்டிவிட்டால், பிறகு அத்திசையில் ஒரு பார்வை போதும், பெயர் வேண்டியதில்லை. நாயகி பேசும்போது ஒரு பக்கம் திரும்பும் உடல், தோழி மறுமொழி கூறும்போது மறுபக்கம் திரும்பிவிடும். ஒன்றையொன்று அறியாமலேயே அமெரிக்கச் சைகை மொழியும் இதே உத்திகளைக் கையாள்கிறது.

கை வாயைவிட மெதுவானது. ஒரு சைகைக்கு ஒரு சொல்லைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு நேரம் ஆகிறது. ஆயினும் ஒரு கருத்தை முழுமையாகச் சொல்ல ஆங்கிலப் பேச்சுக்கும் அமெரிக்கச் சைகை மொழிக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகிறது என்பதை ஆய்வாளர்கள் உர்சுலா பெலூஜியும் சூசன் ஃபிஷரும் 1972இல் கண்டறிந்தனர். பேச்சு வரிசையாக அடுக்குவதைக் கையும் முகமும் ஒரே கணத்தில் சொல்லிவிடுவதே காரணம்.

அப்படியானால் வாய் ஒரு செய்தியையும் கை வேறொரு செய்தியையும் ஒரே நேரத்தில் சொல்லலாமே என்று தோன்றும். ஆனால் காதுகேளாத பெற்றோரிடம் வளர்ந்து, இரண்டு மொழிகளையும் தாய்மொழியாகப் பெற்றவர்கள்கூட, பேச்சையும் சைகையையும் ஒருங்கே பயன்படுத்தும்போது பெரும்பாலும் இரண்டிலும் ஒரே பொருளையே சொல்கிறார்கள். இந்த வரம்புக்குப் பதம் கண்ட வழி அழகானது. பாடல் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடும். செவிக்குப் புதிய செய்தி எதுவும் வராத அந்த நேரத்தில், கை ஒவ்வொரு முறையும் புதியதொரு காட்சியை விரிக்கும். சஞ்சாரி என்பது அதுதான். ஆடும்போது தாமே பாடவும் செய்த பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியிடம் இந்த இரண்டு ஓட்டங்களும் ஒரே உடலில் நிகழ்ந்தன. புதிய மொழியை ஆக்குபவரும் பேச்சுக்கு இத்தகைய திரும்பும் அடிகளை இலக்கணத்திலேயே வகுத்துத் தந்தால்தான், கை தனக்குரியதைச் சொல்ல இடம் கிடைக்கும்.