முதுகுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர்

மலையில் கூடாரம் போட்டுப் படுத்த என் முதல் இரவில் பொட்டுத் தூக்கம் இல்லை. ஸ்லீப்பிங் பேக் நல்லதுதான், இறகு அடைத்தது. பூஜ்ஜியம் டிகிரி வரை தாங்கும் என்று அதன் பட்டையில் அச்சிட்டிருந்தார்கள். வெளியே குளிர் அவ்வளவு தூரம் இறங்கவே இல்லை. மார்பும் வயிறும் கதகதப்பாக இருக்க, முதுகு மட்டும் ஈரத்துணியை ஒட்டவைத்தது போல் சில்லிட்டுக் கிடந்தது. இடதுபக்கம் புரண்டால் இடது தோள் குளிரும், வலதுபக்கம் புரண்டால் வலது தோள். விடிய விடிய இதே கதை. பை கனக்கிறதே என்று, ஸ்லீப்பிங் பேக்குக்கு அடியில் தரையில் விரிக்கும் ஃபோம் மேட்டை (நுரைப் பாயை) வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். அந்த நானூறு கிராம் மிச்சத்துக்குக் கொடுத்த விலை அது.

ஸ்லீப்பிங் பேக் தானாகச் சூடு எதையும் தருவதில்லை. இறகுகளுக்கு நடுவே அசையாமல் மாட்டிக்கொண்டிருக்கும் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. நாம் படுத்ததும் அடியில் உள்ள இறகெல்லாம் நசுங்கி, காற்று வெளியேறி, வெறும் துணி கனத்துக்கு வந்துவிடும். மேலே நன்றாக உப்பியிருக்கும் அதே பை, முதுகுக்கடியில் ஏறக்குறைய இல்லாத மாதிரிதான். இது தயாரிப்பாளர்களுக்கும் தெரியும். ஸ்லீப்பிங் பேக்கின் வெப்பநிலை அளவை ஆய்வகத்தில் கண்டுபிடிக்கும்போது, சூடேற்றிய பொம்மையை ஒரு மேட்டின் மேல் படுக்கவைத்துத்தான் சோதிக்கிறார்கள். பட்டையில் இருக்கும் எண் மேட்டையும் சேர்த்துச் சொன்ன எண். மேட் இல்லாமல் படுப்பவருக்கு அது பொருந்தாது.

காற்றைவிடத் தரை ஏன் இவ்வளவு குளிர்கிறது? அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படு சோம்பேறி. அதன் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.025 வாட், ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு என்ற கணக்கில். தண்ணீருக்கு இது 0.6. உலர்ந்த மணலுக்கு 0.3 அளவில் இருக்கும். அதே மணல் நனைந்தால் 2 வரைகூடப் போகும். கருங்கல் 2-ஐத் தாண்டும். ஆகவே மழை பெய்து ஊறிய மண்ணிலோ பாறையிலோ படுப்பது, சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் ஒரு பெரிய கட்டியின் மேல் படுப்பதற்குச் சமம். உதிர்ந்த இலைச் சருகு மேல் படுத்தவர்களுக்குக் குளிர் குறைவாகத் தெரிவதும் இதனால்தான். சருகுக்குள் நிறையக் காற்று இருக்கிறது.

சரி, இப்போது மேட்டுக்கு வருவோம். ஒரு ஃபோம் மேட்டின் ஓரத்தைக் கூரான பிளேடால் சீவி, அந்த வெட்டுமுகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். தேன்கூட்டைத் தாறுமாறாகக் கட்டியது போல, பொடிப்பொடியான அறைகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். ஒவ்வோர் அறைக்குள்ளும் வாயு. முதுகுப்பைப் பயணிகள் வாங்கும் மேட்கள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் ஃபோம் அல்லது ஈ.வி.ஏ. (எத்திலீன் வினைல் அசிடேட் என்ற, ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக்) ஃபோம். கட்டியான பாலிஎத்திலீன் ஒரு கன மீட்டருக்கு 920 கிலோ அளவில் எடை கொண்டது. மேட்டுக்கான ஃபோம் 30 கிலோ இருந்தால் அதிகம் என்பார்கள். அதாவது நீங்கள் காசு கொடுத்து வாங்கும் மேட்டில் 97 சதவீதம் வாயு. மீதி மூன்று சதவீத பிளாஸ்டிக்கின் ஒரே வேலை, அந்த வாயுவை நகரவிடாமல் அடைத்துவைப்பது.

இதைச் செய்யும் முறைகளில் எனக்குப் பிடித்தது நைட்ரஜன் முறை. பிளாஸ்டிக் தகட்டை அழுத்தக் கலனுக்குள் வைத்துச் சூடாக்கி, மிக அதிக அழுத்தத்தில் நைட்ரஜனை உள்ளே செலுத்துகிறார்கள். வாயு பிளாஸ்டிக்குக்குள்ளேயே கரைந்துவிடும். அப்புறம் அழுத்தத்தை இறக்கினால், சோடா பாட்டிலைத் திறந்ததும் குமிழி கிளம்புகிற மாதிரி தகடு முழுக்கக் குமிழிகள் பிறந்து அது உப்பி வருகிறது. விலை மலிவான ஃபோம்களில் சூடுபட்டால் வாயுவாகப் பிரியும் வேதிப்பொருளைப் பிளாஸ்டிக்கிலேயே கலந்துவிடுவார்கள்.

அறைகள் மூடியிருக்கின்றனவா, ஒன்றோடொன்று திறந்திருக்கின்றனவா என்பது முக்கியம். சோபாவில் இருக்கும் பாலியூரித்தேன் ஃபோம் திறந்த அறை வகை. ஒரு சின்னத் துண்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிழிந்து விட்டால் குமிழி விட்டுக்கொண்டே தண்ணீரைக் குடித்துவிடும். மேட்டின் துண்டைப் பிழிந்தால் ஒன்றும் நடக்காது. கையை எடுத்ததும் மேலே வந்து மிதக்கும், உதறினால் காய்ந்துவிடும். திறந்த வகை மெத்தென்று இருக்கும், அது உண்மை. ஆனால் இடுப்பெலும்பு அழுத்தும் இடத்தில் அதன் காற்று பக்கவாட்டில் நழுவி, ஃபோம் நசுங்கி, சூடு மிக அதிகமாகத் தேவைப்படும் இடத்திலேயே காவல் போய்விடும். மூடிய அறைகளில் வாயு ஓட வழியில்லாததால் குட்டி பலூன்கள் போல எதிர்த்து நிற்கின்றன. 60 கிலோ உடம்பு மல்லாந்து படுத்தால் தரையோடு சேரும் பரப்பு 0.4 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சராசரி அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 15 கிராம்தான். ஒருக்களித்துப் படுக்கும்போது இடுப்பிலும் தோளிலும் இது பல மடங்காகிறது. மேட் தாக்குப்பிடிக்க வேண்டியது அங்கேதான்.

கடையில் மேட்டைத் தட்டிப் பார்ப்பதைவிட அட்டையில் ஆர் மதிப்பைத் தேடுவது நல்லது. வெப்பத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு அது. கூடினால் கதகதப்பு கூடும். அமெரிக்க அலகில் எழுதுவதால் எண் விநோதமாக இருக்கும், 0.176-ஆல் பெருக்கினால் மெட்ரிக் அலகு வந்துவிடும்.

இந்த எண் உடம்பில் எப்படித் தெரியும் என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். தோல் 33 டிகிரி, தரை 5 டிகிரி, இடைவெளி 28. தொடும் பரப்பு அதே 0.4 சதுர மீட்டர். ஆர் மதிப்பு 1 உள்ள மேட்டில் சுமார் 64 வாட் தரைக்குப் போகும். 2 என்றால் 32 வாட். 4 என்றால் 16. தூங்கும் மனிதர் ஒருவர் மொத்தமாகவே 70, 80 வாட் அளவில்தான் சூடு உண்டாக்குகிறார் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடுப்பும் நசுங்கிய பையும் கொஞ்சம் தடுக்கும் என்பதால் நிஜத்தில் இழப்பு இதைவிடக் குறையும், ஆனால் போக்கு இதேதான். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனால் 32 வாட் மிச்சம். இரண்டிலிருந்து நான்குக்குப் போனால் 16. நான்கிலிருந்து எட்டுக்குப் போனாலும் 8-தான். முதல் சென்டிமீட்டர் செய்யும் உபகாரத்தை அடுத்த சென்டிமீட்டர் செய்வதில்லை. மெல்லிய மேட்டைக்கூட "இது எதற்கு" என்று விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று நான் சொல்வது இந்தக் கணக்கை நம்பித்தான்.

எத்தனை வேண்டும்? கோடைக்கு 1 முதல் 2 போதும். வசந்தம், இலையுதிர் காலக் குளிருக்கு 2-இலிருந்து 4 வரை. பனியில் படுக்கப் போனால் 5-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்லது. எளிதில் குளிர் ஏறும் உடம்புக்காரர்கள் ஒரு படி கூட்டிக்கொள்ள வேண்டும். இன்னொரு வசதி, ஆர் மதிப்புகளை அப்படியே கூட்டலாம். 2 உள்ள மேட்டின் மேல் 3 உள்ளதைப் போட்டால் 5. பனிக்காலத்தில் காற்றடைத்த மேட்டுக்கு அடியில் ஃபோம் மேட் விரிப்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

பழைய அட்டைகளில் இருக்கும் எண்களை மட்டும் நம்பாதீர்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தன் மேட்டைத் தன் வழியில் அளந்துகொண்டது. 2018-இல் ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் எஃப்3340 என்ற பொதுத் தரம் வந்தது. கீழே குளிர்ந்த தட்டு, மேலே உடம்புச் சூட்டில் இருக்கும் தட்டு, நடுவில் மேட். மேல்தட்டைச் சூடு குறையாமல் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று பார்ப்பார்கள். 2020 வாக்கில் பெரிய நிறுவனங்கள் இதற்கு மாறின. அப்போது தெர்மரெஸ்ட் ஸீ லைட் சோல் என்ற பிரபலமான மடிப்பு மேட்டின் எண் 2.6-இலிருந்து 2.0-க்கு இறங்கியது. மேட் அதேதான்.

அந்த மேட்டிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. அதன் தடிமன் 2 சென்டிமீட்டர். தட்டையான மூடிய அறை ஃபோம் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.4 தரும் என்பதால், கணக்குப்படி 2.8 வர வேண்டும். வருவது 2.0. முட்டை அட்டை போல மேடும் பள்ளமுமாக அச்சடித்திருப்பதால் எல்லா இடத்திலும் இரண்டு சென்டிமீட்டர் ஃபோம் கிடையாது. ஆகவே தடிமனை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறலாம். பள்ளங்களால் லாபமும் உண்டு: எடை குறைகிறது, மேடுகள் தனித்தனியாக வளைந்துகொடுப்பதால் முதுகுக்கு இதம், பலகை பலகையாக மடிக்கவும் முடிகிறது.

மினுமினுக்கும் அலுமினியப் பூச்சு? வெப்பக் கதிர்வீச்சைத் திருப்பி அனுப்ப அதற்கு முன்னால் ஒரு காற்றிடைவெளி வேண்டும். உடம்போடு ஒட்டிக்கொண்டால் பளபளப்புக்கு வேலையில்லை, வெப்பம் கடத்தல் மூலமாகவே போய்விடும். முட்டை அட்டை வடிவத்தில் பள்ளங்கள் அந்த இடைவெளியைக் கொடுக்கின்றன. அப்படியிருந்தும், பூச்சில்லாத ஸீ லைட்டின் எண் 1.7, பூச்சுள்ள ஸீ லைட் சோலின் எண் 2.0. வித்தியாசம் 0.3. தட்டை மேட்டில் வெள்ளிப் பூச்சுக்காகக் கூடுதல் பணம் கேட்டால் நான் கொடுக்க மாட்டேன்.

யோகா மேட்டை எடுத்துப் போகலாமா என்று கேட்பவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். கால் வழுக்காமல், அமுங்காமல் இருக்க அதை அடர்த்தியாகச் செய்கிறார்கள். வாயு குறைவு, பிளாஸ்டிக் அதிகம். ஐந்தாறு மில்லிமீட்டர் தடிமனிலேயே ஒரு கிலோவைத் தாண்டும் யோகா மேட்கள் உண்டு. 180-க்கு 50 சென்டிமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தடிமன் பாலிஎத்திலீன் மேட்டோ சுமார் 270 கிராம்தான் வரும். சுமையும் கூடி, குளிரும் கூட வேண்டுமென்றால் யோகா மேட் பொருத்தம்.

பாலிஎத்திலீனா ஈ.வி.ஏ.வா என்பதற்கு என் கட்டைவிரல் சோதனை உதவும். ஓரத்தை இருபது எண்ணும்வரை நன்றாக அழுத்திப் பிடித்துவிட்டு விடுங்கள். குழி உடனே நிரம்பினால் நல்லது. பள்ளம் அப்படியே நின்றால் பத்து இரவில் உங்கள் இடுப்பின் அச்சு அதில் விழுந்துவிடும். ஈ.வி.ஏ. இதில் பொதுவாகத் தேறும்; விலையும் எடையும் கொஞ்சம் கூட. எந்த ஃபோமாக இருந்தாலும் காலப்போக்கில் அறைச்சுவர்கள் மடங்கும், வாயு மெல்லக் கசியும், மேட் இளைக்கும். இளைத்த அளவுக்கு ஆர் மதிப்பும் இறங்கும். வீட்டில் இறுக்கிக் கட்டி வைக்காமல் விரித்தோ தளர்த்தியோ வைத்தால் ஆயுள் கூடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் வாயு விரிந்து, பிளாஸ்டிக் இளகி, மேட் கோணிக்கொள்ளும்.

மெத்தென்ற சுகத்தில் ஃபோம் தோற்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மல்லாந்து படுப்பவருக்கு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் பழகிவிடும். ஒருக்களித்தே தூங்குகிறவருக்கு இடுப்பு தரையைத் தொடாவிட்டாலும் தொட்ட மாதிரிதான் வலிக்கும். அவர்கள் காற்றடைத்த மேட் வாங்குவதே மேல். இன்று அரை கிலோவுக்குள் 7-ஐத் தாண்டும் ஆர் மதிப்பு அதில் கிடைக்கிறது. ஃபோமில் அதை எட்ட ஐந்து சென்டிமீட்டர் தடிமன் வேண்டும். அதைச் சுருட்டினால் பையைவிடப் பெரிதாக இருக்கும். ஆனால் என்னோடு வந்த நண்பர் ஒருவர் அப்படிப்பட்ட மேட்டில் தூங்கி, நடுச்சாமத்தில் தரையில் கண்விழித்தார். பொத்தல் எங்கே என்று டார்ச் அடித்து, எச்சில் தடவிப் பார்த்தும் கிடைக்கவில்லை. ஃபோமில் முள் குத்தினால் ஒரே ஓர் அறைதான் போகும்.

ஃபோமை வெட்டவும் செய்யலாம். தலையிலிருந்து முழங்கால் வரை, அதாவது சுமார் 120 சென்டிமீட்டர், வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்தால் எடையில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. கால்களுக்கடியில் காலியான முதுகுப்பையை விரித்துக்கொள்ளலாம். அதன் முதுகுப்புறத் திண்டும் ஃபோம்தான். வெட்டும்போது பெரிய கத்தரிக்கோலை விடப் புது பிளேடும் நேர்விளிம்புக் கட்டையும் நல்லது, இல்லாவிட்டால் ஓரம் பிய்ந்து பிய்ந்து வரும். வெட்டியெடுத்த அறுபது சென்டிமீட்டர் துண்டை நான் இரண்டாக மடித்துப் பையின் வெளிப்பையில் செருகி வைத்திருக்கிறேன். வழியில் ஈரப்பாறையில் உட்கார, அடுப்பு மூட்டும்போது காற்றை மறைக்க, காலையில் கூடாரத்துக்கு வெளியே சாக்ஸோடு நின்று ஷூ போட.