தலைகீழா தொங்குற கற்றாழை ஏன் சாகறதில்ல?

ஒரு வாசகி கேட்டிருந்தாங்க. வாசல்ல திருஷ்டிக்குன்னு ஒரு கற்றாழையை வேரோட பிடுங்கி தலைகீழா கட்டி பல மாசம் ஆச்சாம், மண்ணு கிடையாது, யாரும் ஒரு சொட்டு தண்ணி ஊத்தல, ஆனா நடுவுல புதுசா குருத்து விட்டு நுனி மேல பார்த்து வளைஞ்சு வளருதாம். "கண்ணேறையெல்லாம் அது வாங்கிக்குது, அதான் செழிப்பா இருக்கு"ன்னு மாமியார் சொல்றாங்களாம். எதிர்வீட்டுல கட்டினது அழுகிப்போச்சு, அவங்க மேல ஊர் கண்ணு ஜாஸ்தியாம். நிஜத்துல என்னதான் நடக்குதுன்னு கேள்வி.

செடி வாழ்ந்தாலும் திருஷ்டி, செத்தாலும் திருஷ்டி, கணக்கு எப்பவும் டேலி ஆகிடும், அதை விடுங்க. நுனி மேல வளையறது பத்தாங்கிளாஸ் பாடம்தான்: செல்லுக்குள்ள இருக்கிற மாவுச்சத்துத் துகள்கள் கீழ்ப்பக்கமா படியும், எது கீழேன்னு செடிக்கு தெரிஞ்சுடும், ஆக்சின்ங்கற வளர்ச்சி ஹார்மோன் அந்தப் பக்கம் சேரும், அந்தப் பக்கம் கொஞ்சம் வேகமா நீளும், நுனி மேல திரும்பும். எனக்கு ருசியான விஷயம் இது இல்ல, தண்ணியே இல்லாம எப்படி தாக்குப்பிடிக்குதுங்கறதுதான்.

எல்லாச் செடிக்கும் ஒரு தலைவலி உண்டு. சாப்பாடு செய்ய கார்பன் டை ஆக்சைடு வேணும், அதுக்கு இலைத்துளையை திறந்தே ஆகணும், திறந்தா உள்ள இருக்கிற தண்ணி ஆவியா ஓடிடும். நெல்லு மாதிரி சாதாரணச் செடிங்க 1 கிராம் கார்பன் டை ஆக்சைடு பிடிக்கறதுக்குள்ள 400-500 கிராம் தண்ணியை இழக்குது. கற்றாழை, கள்ளி, அன்னாசி வகையறாவுக்கு அதே 1 கிராமுக்கு 50-100 கிராம்தான். இவ்வளவு வித்தியாசம் எங்கேருந்து வருதுன்னா, இதுங்க ராத்திரியில துளையைத் திறக்குது. வெயில் இல்ல, காத்து குளிர்ந்திருக்கும், ஈரப்பதமும் அதிகம், தண்ணி அவ்வளவா போகாது.

சரி, ஆனா ராத்திரியில வெளிச்சம் கிடையாதே, ஒளிச்சேர்க்கை எப்படி? இங்கதான் அந்த வித்தை. ராத்திரி கோயம்பேடு போய் காய்கறி வாங்கி வெச்சுட்டு பகல்ல கதவை சாத்திட்டு சமைக்கிற மெஸ்காரர் மாதிரி, வாங்கறது ஒரு வேளை, சமைக்கிறது ஒரு வேளைன்னு செடி பிரிச்சு வெச்சிருக்கு. பகல்ல சேர்த்த மாவுச்சத்தையும் சர்க்கரையையும் ராத்திரி உடைச்சு, அதுல வர்ற மூணு கார்பன் பொருளோட உள்ள வந்த கார்பன் டை ஆக்சைடை பெப் கார்பாக்சிலேஸ்னு ஒரு நொதி ஒட்டும், நாலு கார்பன் ஆகும், கடைசியில மாலிக் அமிலமா மாறும். பச்சை ஆப்பிள்ல நாக்கை இழுக்குதே, அதே அமிலம். அது செல்லுக்குள்ள சும்மா மிதந்தா மத்த வேலையெல்லாம் கெட்டுடும், அதனால வாக்குவோல்ங்கற பைக்குள்ள பம்ப் பண்ணி அடைச்சு வெச்சுடும். விடியறப்போ அந்தப் பைக்குள்ள பி.எச். 4-க்கு கீழகூட இறங்கியிருக்கும்.

வெயில் வந்ததும் துளை மூடிக்கும், அமிலம் பையை விட்டு வெளிய வரும், உடையும், கார்பன் டை ஆக்சைடு திரும்ப கிடைக்கும். கதவு சாத்தியிருக்கறதால அது வெளிய போக வழி இல்ல, இலைக்குள்ள அதோட அளவு வெளிக்காத்துல இருக்கறதை விட பல மடங்கு ஏறும். கார்பன் டை ஆக்சைடை பிடிச்சு சர்க்கரை செய்யற வேலையை ஆரம்பிச்சு வெக்கற ரூபிஸ்கோ நொதிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, கார்பன் டை ஆக்சைடுன்னு நினைச்சு ஆக்சிஜனை பிடிச்சுக்கும், பக்கத்துல இவ்வளவு கார்பன் டை ஆக்சைடு குவிஞ்சிருந்தா அந்தத் தப்பு குறைஞ்சுடுது. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.

இதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு, இதை நினைச்சாலே எனக்கு சிரிப்பு வரும். பகல்ல வெளிய விட்ட கார்பன் டை ஆக்சைடை அந்த ராத்திரி நொதியே மறுபடி பிடிச்சு அமிலமாக்கிட்டா? செக்குமாடு கதைதான், சுத்தி சுத்தி வந்து ஒண்ணும் மிஞ்சாது. அதனால அந்த நொதிக்கு ராத்திரி மட்டும் ஒரு பாஸ்பேட் ஒட்டிவிடப்படுது, அது இருந்தா நொதி முழு வீச்சுல வேலை செய்யும், காலையில அதை கழட்டிடுவாங்க, நொதி மந்தமாயிடும். ஒட்டறதையும் கழட்டறதையும் நடத்தறது செடிக்குள்ள ஓடுற கடிகாரம். ரணகள்ளிக்கு உறவான ஒரு செடியோட இலையை தொடர்ந்து இருட்டுலயே வெச்சுப் பார்த்திருக்காங்க, சூரியனையே பார்க்காம சில நாளைக்கு அந்தத் தாளம் ஓடியிருக்கு. மூளை இல்ல, நரம்பு இல்ல, ஆனா மணி தெரியுது.

இதை நாக்கால கண்டுபிடிச்சவர் ஒருத்தர் நம்ம பக்கம் இருந்தவர்தான். பெஞ்சமின் ஹெய்ன், ஜெர்மானியர், தரங்கம்பாடிக்கு மிஷனரியா வந்து அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு தாவரவியலாளரா போனவர், 1819-ல சென்னையில இறந்தார். ரணகள்ளி இலை காலையில நல்லா புளிக்குது, மத்தியானம் சப்புன்னு இருக்கு, சாயங்காலம் லேசா கசக்குதுன்னு அவர் லண்டனுக்கு எழுதின கடிதத்தை அங்க இருக்கிற லின்னேயன் சங்கம்ங்கற இயற்கை அறிவியல் அமைப்பு 1815-ல வெளியிட்டுச்சு. அந்த ரணகள்ளியோட குடும்பப் பேரைத்தான் இந்த முறைக்கே வெச்சிருக்காங்க: கிராசுலேசியன் அமில வளர்சிதை மாற்றம், சுருக்கமா கேம். நீங்களும் சோதிக்கணும்னா ரணகள்ளியை மெல்ல வேண்டாம், அதுல இதயத்தை பாதிக்கிற பொருள் உண்டு. பருப்புக்கீரை போதும், தண்ணி பத்தாத வறட்சியில அதுவும் இந்த வேலையை செய்யும், விடிகாலையில பறிச்சதையும் சாயங்காலம் பறிச்சதையும் வாயில போட்டுப் பாருங்க.

தொங்குற கற்றாழைக்கு வருவோம். தண்ணி சுத்தமா நின்னுபோனா அது ராத்திரியிலயும் துளையைத் திறக்கறதை நிறுத்திடும். தான் மூச்சு விடுற கார்பன் டை ஆக்சைடையே ராத்திரி அமிலமாக்கி, பகல்ல அதையே சர்க்கரையாக்கி, உள்ளுக்குள்ளயே சுத்தவிட்டு உயிரை பிடிச்சு வெச்சுக்கும். மேல மெழுகு போட்ட தடிச்ச தோல், நடுவுல 98 சதவீதத்துக்கு மேல தண்ணியா இருக்கிற சோறு. அந்தத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா வெளிப்பக்கத்து பச்சைப் பகுதிக்கு போகும், இலை மெலிஞ்சு உள்பக்கமா குழியும். குருத்து விடறதும் அடி இலைகளோட சேமிப்புலதான், நல்லா கவனிச்சீங்கன்னா அடி இலை ஒண்ணொண்ணா சுருங்கி காயறது தெரியும். செழிப்பு இல்லம்மா, சேமிப்பை எடுத்து செலவு பண்ணிட்டிருக்கு. எதிர்வீட்டுது அழுகினது அநேகமா பிடுங்கினப்போ வந்த காயத்துல பூஞ்சை ஏறினதாலயோ குருத்துல மழைத்தண்ணி தேங்கினதாலயோ இருக்கும்.

இதே ராத்திரி விஷயத்தை வெச்சுதான் "கற்றாழையை பெட்ரூம்ல வைங்க, ராத்திரி ஆக்சிஜன் விடும்"னு வாட்ஸ்அப்ல சுத்துது. ராத்திரி கார்பன் டை ஆக்சைடை எடுக்கறது உண்மை, ஆக்சிஜன் விடறது பொய், ஏன்னா ஆக்சிஜன் வர்றது வெளிச்சம் தண்ணியை உடைக்கறப்போதான், இருட்டுல அது நடக்காது. எடுக்கற அளவும் ஒரு தொட்டிக்கு ஒரு ராத்திரியில சில கிராமைத் தாண்டாது, பக்கத்துல தூங்கற மனுஷன் அதுக்குள்ள சில நூறு கிராம் விட்டிருப்பார். ஜன்னலைத் திறங்க சாமி. காத்துல இருக்கிற நச்சு வாயுக்களை செடி எடுக்குமான்னு நாசா 1989-ல பண்ண ஆய்வை காட்டி செடி வித்தவங்களும் உண்டு, அது காத்துப் புகாத சின்ன அறைக்குள்ள பண்ணது. அந்த மாதிரி ஆய்வுகளை எல்லாம் 2019-ல திரும்ப கணக்குப் போட்டு பார்த்தவங்க, ஜன்னல் செய்யற வேலையை செடி செய்யணும்னா ஒரு சதுர மீட்டருக்கு 10-லேருந்து 1000 செடி வரை வேணும்னு சொன்னாங்க.

அமெரிக்காவுல எரிசக்தித் துறை பணம் போட்டு, இந்த கேம் முறையை மத்த செடிகளுக்கு மாத்த முடியுமான்னு ஆராய்ச்சி பண்ண வெச்சாங்க. ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் மானாவாரி விவசாயம் பண்றவங்களுக்கு இதை விட தேவையான ஆராய்ச்சி எது? நம்ம ஊர்ல அடிப்படைத் தாவர அறிவியலுக்கு காசு கேட்டா "இதனால உடனே என்ன பிரயோஜனம்"னு கேப்பாங்க. ஹெய்ன் இன்னிக்கு வந்து "நான் மூணு வேளை இலை மென்னு பார்க்கணும்"னு விண்ணப்பம் போட்டா எந்தக் கமிட்டி கையெழுத்து போடும்னு தெரியல.

இப்போ வளர்ப்பு. மேல சொன்னது புரிஞ்சா இது தானா வந்துடும். தண்ணி ஊத்தாம கொன்னவங்களை விட ஊத்திக் கொன்னவங்கதான் அதிகம், மண்ணுல ஈரம் நின்னா வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காம அழுகும். தொட்டி அடியில ஓட்டை கட்டாயம், மண்ணுல பாதிக்கு பாதி மணல், விரல் விட்டா ரெண்டு இஞ்ச் காஞ்சிருந்தா மட்டும் தண்ணி, மழைக்காலத்துல மறந்தே போகலாம். ராத்திரி குளிர்ச்சியா இருந்தாதான் அமிலம் சேர்க்கற வேலை நல்லா ஓடும், அதனால மே மாசம் சென்னையில வளரவே இல்லையேன்னு உரம் கொட்டாதீங்க. கடும் வெயில்ல இலை செம்பழுப்பாகும், அது நோய் இல்ல, வெயிலுக்கு போட்டுக்கிட்ட நிறமி, கொஞ்சம் நிழலுக்கு மாத்தினா பச்சை திரும்பும்.

வெட்டறதுன்னா வெளி வரிசை முத்தின இலையா பார்த்து அடியோட வெட்டி, வெட்டின பக்கம் கீழ இருக்கற மாதிரி நிறுத்தி வைங்க, மஞ்சளா ஒரு பால் வடியும். தோலுக்கு கொஞ்சம் உள்ள இருக்கிற குழாய்கள் பக்கத்துல அது இருக்கும், அதுல அலோயின்னு ஒரு கசப்புப் பொருள், பயங்கர பேதி மருந்து. அதை காய்ச்சி காயவெச்சதுதான் நாட்டு மருந்துக் கடை மூசாம்பரம். கடையில டாக்டர் சீட்டு இல்லாம விக்கிற பேதி மருந்துல இது கூடாதுன்னு அமெரிக்க மருந்துத் துறை 2002-ல உத்தரவு போட்டது. சோத்தை ஏழு தண்ணியில கழுவணும்னு நம்ம பாட்டிங்க சொன்னது இந்தப் பாலை போக்கத்தான், இந்த விஷயத்துல பாட்டி சொன்னது பக்கா. கர்ப்பமா இருக்கறவங்க உள்ளுக்கு சாப்பிடவே வேண்டாம். தலைக்கு, முகத்துக்குன்னா முதல்ல முழங்கை மடிப்புல தடவிப் பாருங்க, சிலருக்கு அரிக்கும்.

வாசல்ல தொங்கறதை இறக்கி நடணும்னு தோணினா காஞ்ச வேரையும் சுருங்கின அடி இலையையும் எடுத்துட்டு, ரெண்டு மூணு நாள் நிழல்ல காயம் ஆறவிட்டு, காஞ்ச மணல் மண்ணுல ஊனுங்க, ஒரு வாரம் கழிச்சு முதல் தண்ணி.