பாட்: மோடத்தின் வேகமும் ஒரு பெயர்க் குழப்பமும்

தொலைபேசிக் கம்பி வழியே மோடம் என்ற கருவியால் கணினியை இணைத்த டயல்-அப் காலத்தில் '2400 பாட் மோடம்' என்றே கேட்டு வாங்கினார்கள், விற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். உண்மையில் அந்த மோடம் ஓடியது 600 பாடுதான்.

தொலைபேசிக் கம்பியில் சமிக்ஞை நொடிக்கு எத்தனை தடவை மாறுகிறது என்பதன் அலகு பாட். பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரிலிருந்து வந்தது. 1874இல் தம் அச்சுத் தந்தி முறைக்குக் காப்புரிமை பெற்றவர் அவர்; ஐந்து பிட் தந்திக் குறிமுறையும் அவருடையதுதான்.

1962இல் வந்த பெல் 103 மோடத்தில் ஒரு மாற்றத்துக்கு ஒரு பிட். 300 பாட் என்றாலும் நொடிக்கு 300 பிட் என்றாலும் ஒன்றுதான். குழப்பம் அங்கே தொற்றிக்கொண்டது. பிற்பாடு ஒரே மாற்றத்தில் பல பிட்டுகளை ஏற்றினார்கள். முதலில் சொன்ன 2400 மோடம், அதாவது வி.22பிஸ் என்ற தரத்தில் அமைந்தது, நான்கு ஏற்றியது, 600 பாட் நொடிக்கு 2400 பிட் ஆயிற்று. நொடிக்கு 33,600 பிட் அனுப்பிய வி.34 மோடம்கூட 3429 பாடைத் தாண்டவில்லை.

சரி, 56கே (நொடிக்கு 56,000 பிட்) மோடத்துக்குக் கணினியில் 115200 என்று வேகம் வைக்கச் சொன்னார்களே? அது தொலைபேசிக் கம்பியின் வேகம் இல்லை, கணினிக்கும் மோடத்துக்கும் நடுவே உள்ள சீரியல் போர்ட்டின் வேகம். வி.42பிஸ் முறை எழுத்துக் கோப்புகளை நான்கில் ஒரு பங்குவரை சுருக்கி அனுப்பும். வந்ததை மோடம் விரித்துக் கணினியிடம் தரும்போது போர்ட் 38400இல் நின்றால் அங்கேயே நெரிசல். ஸிப் கோப்பு ஏற்கெனவே சுருங்கியது, அதற்கு இந்த லாபம் கிடையாது. அப்புறம், போர்ட்டில் 16550ஏ சிப் இருக்க வேண்டும். அதில் 16 பைட் தாங்கும் இடம் உண்டு; பழைய 8250இல் ஒரே பைட், வேகத்தைக் கூட்டினால் தரவு தவறிப்போகும். இந்தப் போர்ட்டில் மட்டும் ஒரு மாற்றத்துக்கு ஒரு பிட் என்பதால் 115200 பாட் என்பது பிழையில்லை.

தமிழில் என்ன சொல்வது? தரவைச் சமிக்ஞையில் ஏற்றும் மாடுலேஷனுக்குப் பண்பேற்றம் என்ற நல்ல சொல் பாடநூலிலேயே இருக்கிறது. பாட் ஆள்பெயர் அலகு. வாட், ஓம் போல அப்படியே விடலாம். ஆனால் 'பாட் வீதம்' வேண்டாம், அலகுக்குள்ளேயே வீதம் இருக்கிறது. பாடால் அளப்பதைக் 'குறியீட்டு வீதம்' என்றும், பயனருக்குத் தேவையான மற்றதைப் 'பிட் வீதம்' என்றும் எழுதலாம். வேற்றுமை உருபு சேர்க்கும்போது மட்டும் கவனம்: '600 பாட்டில்' என்று எழுதினால் வாசிப்பவர் சோடாக்கடையைத் தேடுவார்.