தாய்மாமன் உறவினர் அல்லர்

எங்கள் தொழிலில், வழக்கைக் கொண்டு வருபவருக்குக் கட்சிக்காரர் என்று பெயர். கொடி பிடிப்பவருக்கும் அதே பெயர்தான். கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வக்கீல் தொழில் செய்யும் எனக்கு, இரண்டு பேரும் ஒரே ஆளாக வந்து நிற்பது புதிதல்ல. இப்போது வருகிறவர்களின் தேர்தல் கடல் தாண்டி நடக்கிறது என்பதுதான் புதிது.

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பக்கத்து ஊர்த் தேர்தலும் சொந்தத் தேர்தல்தான். வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கோவை மாவட்டம். காலையில் இங்கே பிரச்சார நோட்டீஸ் கொடுத்துவிட்டு, மாலையில் மைத்துனருக்காக அங்கே ஜீப்பில் ஏறுவார்கள். 2021இல் கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் ஏப்ரல் 6 அன்றே வாக்குப்பதிவு வந்தபோது, எந்தப் பக்கம் போவது என்று குடும்பங்களுக்குள் மனஸ்தாபமே வந்தது. சட்டம் இதையெல்லாம் தடுக்கவில்லை. பிரச்சாரம் ஓய்ந்ததும் வெளித்தொகுதிக்காரர் கிளம்பிவிட வேண்டும், இரண்டு பக்கமும் பெயர் வைத்துக்கொண்டு இரண்டு ஓட்டுப் போடக் கூடாது, அவ்வளவுதான். (இரண்டு வாக்காளர் அட்டை வைத்திருப்பவர்களைப் பற்றி எழுதினால் பாதி ஊர் என்னோடு பேசாது. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.)

இந்தப் பழக்கத்தோடு விமானம் ஏறுகிறவர்களுக்குத்தான் சிக்கல் வருகிறது. தென்னந்தோப்புக்காரர் ஒருவர் சென்ற ஆண்டு வந்தார். மகன் நியூ ஜெர்சியில் எச்1பி என்னும் வேலை விசாவில் இருக்கிறான். அங்கே நகரசபைக்கு நின்ற நம் நாட்டு வம்சாவளிக்காரர் ஒருவருக்கான விருந்தில், நண்பர்கள் கொடுத்தார்கள் என்று இவனும் 100 டாலர் கொடுத்திருக்கிறான். இணையப் படிவத்தில் ‘நான் குடிமகன் அல்லது நிரந்தரமாகத் தங்கும் உரிமை உள்ளவன்’ என்ற கட்டத்தைப் படிக்காமலேயே டிக் செய்திருக்கிறான். “கோவில் நன்கொடை மாதிரி நினைத்துவிட்டான் ஐயா” என்றார் அப்பா.

அமெரிக்கச் சட்டத்தில், நகரசபை முதல் அதிபர் வரை எந்தத் தேர்தலுக்கும் வெளிநாட்டவர் பணம் தரக் கூடாது. நிரந்தரமாகத் தங்கும் உரிமை தரும் கிரீன் கார்டு இருந்தால் விலக்கு உண்டு, வேலை விசாவுக்கு இல்லை. அங்கே முறைப்படி தங்கி வேலை பார்த்த இரண்டு வெளிநாட்டவர், ஒருவர் வக்கீல், மற்றவர் மருத்துவர், இதை எதிர்த்து வழக்குப் போட்டுத் தோற்றார்கள். 2012இல் உச்ச நீதிமன்றமும் தடையை உறுதி செய்தது. சம்பளம் வாங்காமல் வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்பதற்குத் தடை இல்லை. பையனிடம், பணத்தைத் திருப்பித் தரும்படி பிரச்சாரக் குழுவுக்கு எழுது, அங்குள்ள குடியேற்ற வக்கீலைப் பார்க்காமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதே என்று சொன்னேன். 100 டாலரை விட, பொய் உறுதிமொழியாகிவிட்ட அந்த டிக் குறிதான் எனக்குப் பயமாக இருந்தது.

“கட்சிக்காரர்களே போகச் சொன்னார்களே” என்பதுதான் இப்படி வருகிறவர்கள் எல்லாரும் சொல்லும் சமாதானம். நம் கட்சிகள் பலவற்றுக்கும் அயலகப் பிரிவு இருக்கிறது. காங்கிரஸ், பாஜக, திமுக எல்லாவற்றுக்கும் உண்டு. வளைகுடாவில் முஸ்லிம் லீக் சார்புள்ள கேஎம்சிசி அமைப்பைத் தெரியாத மலையாளி கிடையாது. ஆனால் வெளிநாட்டுத் தேர்தல் என்று வரும்போது கட்சிகள் எழுத்தில் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: நீ போகலாம், என் பெயரைச் சொல்லாதே. 2019 செப்டம்பரில் ஹூஸ்டன் மேடையில் பிரதமர் மோடி ‘அப்கி பார் டிரம்ப் சர்க்கார்’ (இந்த முறை டிரம்ப் ஆட்சி) என்று சொன்னது சர்ச்சையானபோது, டிரம்ப் தன் பிரச்சாரத்தில் பயன்படுத்தியதைத்தான் பிரதமர் நினைவுகூர்ந்தார் என்று அமைச்சர் ஜெய்சங்கர் விளக்கினார். 2020 அமெரிக்கத் தேர்தலின்போது பாஜகவின் வெளிநாட்டுப் பிரிவு, ஆதரவாளர்கள் யாருக்காக வேலை செய்தாலும் தனிப்பட்ட முறையில் செய்யட்டும், கட்சியின் பெயர் வரக் கூடாது என்று அறிவுறுத்தியது. அக்கட்சியின் அயல்நாட்டு நண்பர்கள் அமைப்பு அதே ஆண்டில் அமெரிக்கச் சட்டப்படி வெளிநாட்டு முகவராகப் பதிவு செய்துகொண்டது.

இந்த எழுத்துக்கு எவ்வளவு மதிப்பு? என் கணக்கில், விமான டிக்கெட்டை யார் எடுத்தார் என்று பார்த்தால் தெரிந்துவிடும். 2016இல் ஆஸ்திரேலியத் தொழிற்கட்சி, அமெரிக்க அதிபர் வேட்பாளராக முயன்ற பெர்னி சாண்டர்ஸின் பிரச்சாரத்துக்குத் தன் இளைஞர்களை அனுப்பியது. டிக்கெட்டும் தினப்படியும் கட்சி கொடுத்தது. அந்தச் செலவையே அமெரிக்கத் தேர்தல் ஆணையம் வெளிநாட்டு நன்கொடையாகக் கணக்கிட்டு, 2018இல் கட்சிக்கும் சாண்டர்ஸ் குழுவுக்கும் தலா 14,500 டாலர் அபராதம் போட்டது. 2024இல் பிரிட்டன் தொழிற்கட்சி ஊழியர்கள் அதிபர் தேர்தலில் டிரம்பை எதிர்த்து நின்ற கமலா ஹாரிஸுக்காகப் போனபோது டிரம்ப் தரப்பு புகார் கொடுத்தது. அவர்கள் சொந்த விடுப்பில், சொந்தச் செலவில் போகிறார்கள் என்பதே தொழிற்கட்சியின் பதில். கட்சி கைகழுவ வேண்டுமானால் கழுவிக்கொள்ளும். விசாவில் இருப்பவரால் அது முடியாது.

நாட்டுக்கு நாடு சட்டமும் தலைகீழாக மாறும். பிரிட்டனில் படிக்கப் போன நம் பிள்ளைகள் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் அங்கே பெயர் பதிந்து ஓட்டே போடலாம். இதைச் சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை. சிங்கப்பூரில் 2025 தேர்தலின்போது வெளிநாட்டவர் சிலரின் பதிவுகளை மறைக்கும்படி பேஸ்புக் நிறுவனத்துக்கே உத்தரவு போனது. அவர்களில் மலேசியாவின் பாஸ் கட்சிக்காரர்கள் இருவர். அங்கே வேலை பார்க்கும் தம்பிமார்கள் தேர்தல் நேரத்தில் அந்த ஊர் அரசியலைப் பகிராமல் இருப்பது நல்லது.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். 2025 டிசம்பரில் கேரள உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. வேட்புமனு போட்ட இளைஞர் ஒருவர் தன் அம்மாவோடு வந்தார். கிள்ளானில் இருக்கும் தாய்மாமன் போஸ்டர் செலவுக்கு 50,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார். மாமன் மலேசியக் குடிமகன்.

நமது வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், 2010, வேட்பாளரும் கட்சியும் அந்நியக் குடிமக்களிடம் பணம் வாங்குவதைத் தடுக்கிறது. பஞ்சாயத்து வேட்பாளரும் இதில் அடக்கம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாயிலிருந்து தன் சம்பாத்தியத்தை அனுப்பினால் அது வெளிநாட்டுப் பணம் ஆகாது. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்று ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான அட்டை) வைத்திருப்பவர் சட்டத்தின் கண்ணில் அந்நியர்தான். இந்த வித்தியாசத்தில் தடுக்கி விழுபவர்கள் அதிகம். உறவினர் தருவதற்கு விலக்கு உண்டு. அதிலும், வேட்புமனுவுக்கு முந்தைய 180 நாட்களில் வாங்கியிருந்தால் மத்திய அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

“அப்புறம் என்ன, மாமன்தானே!” என்றார் அம்மா.

உறவினர் யார் என்பதற்கு இந்தச் சட்டம் கம்பெனிச் சட்டத்தைக் கை காட்டுகிறது. அங்கே அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். தாய்மாமன் இல்லை. அந்த அம்மாவுக்கு வந்த கோபத்தை எழுதி மாளாது. “காது குத்தும்போது மடியில் உட்கார வைத்தவர், சீர் கொண்டுவந்தவர், அவர் உறவு இல்லை என்றால் இந்தச் சட்டத்தை எழுதியவனுக்கு அக்கா தங்கை கிடையாதா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பணத்தைப் பையனின் அக்காவுக்கு மாற்றி அவர் கையால் கொடுத்தால் ஆகாதா என்று அடுத்த கேள்வி. சட்டத்தைச் சுற்றிப் போக ஆள் வைப்பது தனிக் குற்றம் ஆகிவிடும் என்றேன்.

பணம் வந்த வழியே திரும்பிப் போனது. போஸ்டர் பாதியாகக் குறைந்தது. பையன் 40 சொச்சம் ஓட்டில் தோற்றார். பிப்ரவரியில் அவர் மகளுக்குக் காதுகுத்து. கிள்ளானிலிருந்து மாமன் வந்து, மொய் நோட்டில் 51,000 எழுதினார். என்னைக் கண்டதும், “இதற்கும் ஏதாவது சட்டம் இருக்கிறதா வக்கீலே?” என்றார். மருமகன் தோற்றுவிட்டதால் இல்லை என்றேன். ஜெயித்திருந்தால் அந்த நோட்டை நான் ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும்.