ரிலாக்சேஷன்: தளர்வா, தணிவா?

எலெக்ட்ரானையும் அணுக்கருவையும் குட்டிக் காந்தமாக்கும் பண்புக்கு ‘ஸ்பின்’ (தற்சுழற்சி) என்று பெயர்; கிளறிவிட்ட ஸ்பின்கள் சமநிலைக்குத் திரும்புவதே ‘ஸ்பின் ரிலாக்சேஷன்’. இச்சொல்லைக் கண்டாலே நம் மொழிபெயர்ப்பாளர்களின் கை தானாகத் ‘தற்சுழற்சித் தளர்வு’ என்று எழுதிவிடுகிறது. ‘ஓய்வு’ என்பாரும் உண்டு. சமநிலையிலும் தற்சுழற்சிகள் மேலும் கீழும் புரண்டுகொண்டேதான் இருக்கின்றன, ஓய்வாவது ஒன்றாவது.

மூலம் லத்தீன் ‘லாக்சஸ்’: தொய்ந்தது, இறுக்கம் விட்டது. 1867இல் மேக்ஸ்வெல், தகைவு (பொருளுக்குள் எழும் விசை) குறைய ஆகும் காலத்துக்கு இச்சொல்லை ஆண்டார். இழுத்துப் பிடித்த ரப்பரில் விசை குறைவதைத் தளர்வு என்றால் குற்றமில்லை.

காந்தவியலில் கதை வேறு. இயற்பியலாளர் ஃபெலிக்ஸ் பிளாக் 1946இல் டி1, டி2 என்று இரண்டு காலங்களைப் பிரித்தார். காந்தமாக்கத்தை 90 பாகை சாய்க்கும் ரேடியோ அலைத் துடிப்பு கொடுத்ததும், காந்தப்புலத்தின் திசையில் உள்ள அதன் கூறு சுழியாகிறது, பிறகு வளர்கிறது. டி1 கழிந்தால் சமநிலை அளவில் 63%, ஐந்து டி1 கழிந்தால் 99%. வளர்வதற்குப் பெயர் தளர்வா? டி2 என்பது புலத்துக்குச் செங்குத்தான குறுக்குக்கூறு 37% ஆகும் காலம். அங்கே குறைவு உண்டுதான். ஆனால் ஆற்றல் அணிக்கோவைக்கு (‘லாட்டிஸ்’, அதாவது ஸ்பின்களைச் சூழ்ந்த அணுக்களின் அமைப்புக்கு) போக வேண்டியதில்லை, ஸ்பின்கள் ஒன்றோடொன்று ஒத்துச் சுழலும் கட்டம் குலைந்தாலே போதும்.

இது வெறும் சொல்வீம்பு அல்ல. ‘கொழுப்பில் டி1 தளர்வு வேகமானது’ என்று படிக்கும் மாணவர், எம்ஆர்ஐ டி1 படத்தில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும் என்றே நினைப்பார். அது வெள்ளையாகத் தெரிகிறது, விரைவில் மீண்டுவிடுவதால்.

இரும்பு, கோபால்ட் போன்ற ஃபெரோகாந்தங்களில் குழப்பம் இரட்டிப்பு. கோபால்ட்டில் வெளிப்புலமே இல்லாமல், உட்புலத்தாலேயே, சுமார் 217 மெகாஹெர்ட்சில் அணுக்கரு ஒத்ததிர்வு (என்எம்ஆர்) கிடைக்கிறது. ‘கோபால்ட்டில் அணுக்கருத் தளர்வு’ என்று எழுதினால் காந்தமே வலுவிழக்கிறது என்று தோன்றும். உண்மையில் அசைவது அணுக்கருக்களின் பங்கு மட்டும். எலெக்ட்ரான்களின் காந்தமாக்கம் அப்படியே நிற்கிறது. காந்தக் களங்களுக்கு (ஒரே திசையில் காந்தமான பகுதிகளுக்கு) இடையிலுள்ள களச்சுவரில் உள்ள கருக்கள் களத்தின் நடுவில் உள்ளவற்றைவிட வேகமாகச் சமநிலைக்கு வருவதால் அளவிடும் வளைகோடு ஒற்றை அடுக்குக்குறிச் சார்பாக (எக்ஸ்பொனென்ஷியல்) அமையாது. துடிப்பின் திறனைக் கூட்டினால் வேறு கருக்கள் கணக்கில் சேர்ந்து ‘நேரமும்’ மாறும். எந்தத் திறனில் அளந்தது என்று சொல்லாத டி1 எண் பயனற்றது.

என் தேர்வு ‘தணிவு’. கிளர்வுநிலை என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கிளர்ந்தது தணியும், சூடும் கோபமும் தணிவதுபோல. தணிவது கிளர்வு, காந்தமாக்கம் அல்ல; ஆகவே டி1, டி2 இரண்டுக்கும் பொருந்தும். ‘மீட்சி’ பொருளளவில் நல்ல சொல்தான், ஆனால் ‘எலாஸ்டிசிட்டி’க்காக மீட்சியியல்காரர்கள் அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அணிக்கோவைத் தணிவு, குறுக்குத் தணிவு, தணிவு நேரம் என்று எழுதலாம். ‘தற்சுழற்சி’யும் முழுச்சரியல்ல, எலெக்ட்ரான் பம்பரமாகச் சுற்றுவதில்லை. அங்கே ‘ஸ்பின்’ என்றே விட்டாலும் எனக்கு வருத்தமில்லை.