முப்பத்திரண்டு பைட்டுக்குள் ஓர் ஊர்ப்பெயர்

கடலூர் முதுநகரிலிருந்து கல்லூரி இறுதியாண்டு மாணவி ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். எந்த மீனவ கிராமத்தில் எவ்வளவு மீன் கரையேறியது என்று பதிவுசெய்யும் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (பிளாக்செயின் என்ற, பலரும் பகிரும் பதிவேட்டில் தானாக இயங்கும் நிரல்) ஒன்றைப் புராஜெக்ட்டுக்காக, அதற்கென்றே உள்ள சாலிடிட்டி மொழியில் எழுதுகிறார். ஊர்ப்பெயரை பைட்ஸ்32 (சரியாக 32 பைட் கொண்ட தரவு) வகையில் சேமித்திருக்கிறார். அதை ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துத் தொடராக, மாற்றித் திரையில் காட்டினால் ‘தாழங்குடா’ என்று ஒழுங்காக வருகிறது. பயனர் தட்டச்சு செய்யும் ‘தாழங்குடா’வோடு ஒப்பிட்டால் மட்டும் இரண்டும் வேறு என்கிறது கான்ட்ராக்ட். “கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கான்ட்ராக்ட்டுக்கு எப்படி சார் வேறாகிறது?” என்கிறார்.

நல்ல கேள்வி. இதற்கு இரண்டு வரியில் விடை சொல்லிவிடலாம். ஆனால் அதன் அடியில் இருக்கும் விஷயம் அழகானது, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடுவோம். எத்திரியம் என்ற பிளாக்செயினில் கான்ட்ராக்ட்டுகளை இயக்கும் மெய்நிகர் எந்திரம் எதையும் 32 பைட், அதாவது 256 பிட் அளவிலேயே கையாள்கிறது. சேமிப்புக்கான ஒவ்வொரு ஸ்லாட்டும் 32 பைட். பைட்ஸ்32 என்ற வகை அதற்குள் கச்சிதமாக உட்காரும். 32 கட்டங்கள் அச்சடித்த விண்ணப்பப் படிவம் மாதிரி: பெயரை இடது ஓரத்திலிருந்து எழுதுவோம், மீதிக் கட்டங்கள் காலி. கணினியில் காலி என்றால் பூஜ்யம். ஸ்ட்ரிங்குக்கு இந்த வரையறை கிடையாது. அது எவ்வளவு நீளமும் இருக்கலாம், அதனால் தன் நீளத்தையும் ஓர் எண்ணாகக் கூடவே வைத்துக்கொள்கிறது.

வித்தியாசம் இங்கேதான். பைட்ஸ்32-க்குத் தன் உள்ளே இருக்கும் பெயர் எத்தனை பைட் என்று தெரியாது. ஸ்ட்ரிங்குக்குத் தெரியும். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது என்றால், எங்கும் எழுதிவைக்கப்படாத அந்த நீளத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

‘தாழங்குடா’ என்பதில் யுனிகோட் கணக்குப்படி 9 குறிகள்: த, கால், ழ, ங, புள்ளி, க, உகரக் குறி, ட, கால். ஒவ்வொன்றுக்கும் யூடிஎஃப்-8 என்ற குறியேற்ற முறையில் 3 பைட். மொத்தம் 27. பைட்ஸ்32-இல் போட்டால் பின்னால் 5 பூஜ்யங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். பைட்ஸ்32-ஐ நேரடியாக ஸ்ட்ரிங் ஆக்க கம்பைலர் (நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) விடாது. அதனால் பலரும் அபி.என்கோட்பேக்டு என்ற செயல்கூறு வழியாக பைட் வரிசையாக்கி, அப்புறம் ஸ்ட்ரிங் ஆக்குகிறார்கள். கம்பைலர் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கிடைக்கும் ஸ்ட்ரிங்கின் நீளம் 27 இல்லை, 32. பூஜ்ய பைட்டுக்குத் திரையில் உருவம் கிடையாது என்பதால் பார்வைக்குத் தாழங்குடாதான். ஒப்பிடுவதற்கு கெச்சக்256 ஹேஷ் (தரவிலிருந்து கணக்கிடும் 32 பைட் கைரேகை) எடுக்கும்போது அந்த 5 பூஜ்யங்களும் சேர்ந்து ஹேஷ் ஆகின்றன, விடை முற்றிலும் வேறாகிவிடுகிறது.

சரி, தீர்வு என்ன? இடமிருந்து ஒவ்வொரு பைட்டாகப் பார்த்துக்கொண்டே போய், முதல் பூஜ்யம் வரும் இடத்தில் நிற்க வேண்டும். அதுவரை எண்ணியதுதான் நீளம். அந்த நீளத்துக்குப் புதிதாக ஒரு பைட் வரிசை உருவாக்கி, பைட்டுகளை நகலெடுத்து, அதை ஸ்ட்ரிங் ஆக்கினால் முடிந்தது. இப்படித் திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்யும் லூப்பின் நிபந்தனையில் மட்டும் ஒரு கவனம் தேவை. முதலில் 32-க்குள் இருக்கிறோமா என்று கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அந்த பைட் பூஜ்யமா என்று கேட்க வேண்டும். வரிசை மாறினால், 32 கட்டமும் நிரம்பிய பெயர் வரும் நாளில் இல்லாத 33-ஆவது பைட்டைத் தேடிப்போய் பரிவர்த்தனையே ரத்தாகிவிடும்.

பெயரின் நடுவிலேயே ஒரு பூஜ்யம் வந்துவிட்டால் லூப் பாதியில் நின்றுவிடாதா என்று சந்தேகம் வரலாம். வராது. ஏன் வராது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

‘த’வின் யுனிகோட் எண் 2980. இருமத்தில் 0000101110100100. யூடிஎஃப்-8 இதை 4, 6, 6 என்று மூன்று துண்டாக வெட்டுகிறது: 0000, 101110, 100100. முதல் துண்டுக்கு முன்னால் 1110 என்று ஒட்டுகிறது. மற்ற இரண்டுக்கும் முன்னால் 10 என்று ஒட்டுகிறது. கிடைப்பவை 11100000, 10101110, 10100100. அதாவது 224, 174, 164. முதல் துண்டு முழுக்கப் பூஜ்யமாக இருந்தும் பைட் 224 ஆகிவிட்டதைப் பாருங்கள். எந்தத் தமிழ்க் குறியை எடுத்தாலும் மூன்று பைட்டும் 1-இல்தான் தொடங்கும், ஆகவே எதுவும் பூஜ்யமாகவே முடியாது. ஒரு பைட்டில் அடங்கும் ஆங்கில எழுத்துகளின் எண்களிலும் பூஜ்யம் இல்லை. முழுப் பூஜ்யம் என்ற பைட்டை யூடிஎஃப்-8 ‘வெற்று’க் குறி ஒன்றுக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறது, அதை யாரும் ஊர்ப்பெயரில் எழுதுவதில்லை. யூடிஎஃப்-8 உருவானது 1992-இல். எத்திரியம் இயங்கத் தொடங்கியது 2015-இல். எத்திரியத்தைவிட இருபது ஆண்டுக்கும் மேல் மூத்த அந்த வடிவமைப்புதான், நம் ஊர்ப்பெயர் எங்கே முடிகிறது என்பதை இன்று ஒரு லூப்பால் பிழையில்லாமல் சொல்ல வைக்கிறது.

தமிழுக்கு மூன்று பைட் என்பதால் இன்னொரு சிக்கலும் வருகிறது. ஆங்கிலத்தில் 32 எழுத்து கொள்ளும் இடத்தில் நமக்குப் பத்துக் குறிதான். கடலூர் 18 பைட், சிதம்பரம் 27, புதுச்சேரி 30. இவை தாராளமாக அடங்கும். விருத்தாசலம் 36, அடங்காது. என் வீட்டிலிருந்து சற்றுத் தொலைவில் இருக்கும் வில்லியனூர்தான் இதில் பாவம்: 11 குறி, 33 பைட். ஒரே ஒரு பைட் அதிகம். நிரலுக்குள் நேரடியாக எழுதினால் கம்பைலர் அதை பைட்ஸ்32-இல் போட மறுத்துவிடும். ஆனால் பயனர் தரும் ஸ்ட்ரிங்கை பைட்ஸ்32 ஆக வெளிப்படையாக மாற்றச் சொன்னால், கேள்வி கேட்காமல் வால் பக்கத்தை வெட்டிவிடும். வெட்டுப்படுவது கடைசி ‘ர்’ மேல் இருக்கும் புள்ளியின் மூன்றாவது பைட். மீதமிருக்கும் 224, 175 இரண்டும் எந்த எழுத்தும் ஆகாது. திரையில் ‘வில்லியனூர’ என்று வந்து, பக்கத்தில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி நிற்கும்.

இதைவிட ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத வெட்டு. லூப்பைத் தவிர்ப்பதற்காக, பயனர் தந்ததையும் பைட்ஸ்32 ஆக்கி இரண்டையும் நேரடியாக ஒப்பிடலாம் என்று சிலர் சொல்வார்கள். மலிவான வழிதான். ஆனால் ‘தேவனாம்பட்டினம் வடக்கு’, ‘தேவனாம்பட்டினம் தெற்கு’ என்ற இரண்டு பெயர்களை இப்படி ஒப்பிட்டுப் பாருங்கள். ஊர்ப்பெயர் மட்டுமே 45 பைட். வடக்கும் தெற்கும் வெட்டில் போய்விடும், இரண்டும் ஒன்றே என்று கான்ட்ராக்ட் சாதிக்கும். வடக்குத் தெருவின் மீன் தெற்குத் தெருக் கணக்கில் ஏறும். ஆகவே மாற்றுவதற்கு முன் நீளம் 32-ஐத் தாண்டுகிறதா என்று சோதித்து, தாண்டினால் மறுத்துவிடுவதுதான் முறை.

இனி சேமிப்புக்கு வருவோம். ‘ஸ்ட்ரிங் என்றால் செலவு, பைட்ஸ்32 என்றால் சிக்கனம்’ என்று வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாதி உண்மை. சாலிடிட்டி ஒரு ஸ்ட்ரிங்கை ஸ்லாட்டில் எப்படி வைக்கிறது என்று தெரிந்தால் மீதிப் பாதி விளங்கும். ஸ்ட்ரிங் 31 பைட்டுக்குள் இருந்தால் எழுத்துகளை இடது ஓரத்திலிருந்து வைத்து, அதே ஸ்லாட்டின் கடைசி பைட்டில் நீளத்தை இரண்டால் பெருக்கி எழுதிவிடுகிறது. புதுச்சேரிக்கு 30 பைட், கடைசி பைட்டில் 60. ஒரே ஸ்லாட்டில் பெயரும் நீளமும் அடங்கிவிட்டன. பைட்ஸ்32-க்கும் இதற்கும் சேமிப்புச் செலவில் பெரிய வித்தியாசம் கிடையாது.

நீளம் 31-ஐத் தாண்டினால்? அப்போது அந்த ஸ்லாட்டில் எழுத்துகள் இருக்காது. நீளத்தை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டி எழுதுகிறது, வில்லியனூருக்கு 67. எழுத்துகள், ஸ்லாட் எண்ணின் கெச்சக்256 ஹேஷ் எந்த எண்ணோ அந்த முகவரியிலிருந்து தொடங்கி அடுத்தடுத்த ஸ்லாட்டுகளில் போய் உட்காருகின்றன. படிக்க வருபவர் முதலில் பார்ப்பது கடைசி பிட்டை மட்டுமே. இரட்டைப்படை என்றால் ‘இங்கேயே படி’, ஒற்றைப்படை என்றால் ‘ஹேஷ் முகவரிக்குப் போ’. தனியாக ஓர் அடையாளக் குறி வைக்காமல், இரண்டால் பெருக்கியதால் காலியான ஒரே ஒரு பிட்டில் இந்தத் தகவலைச் செருகிவிட்டார்கள்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

வில்லியனூரின் 33 பைட்டில் 32 பைட் ஒரு ஸ்லாட்டை நிரப்புகிறது. மிஞ்சும் ஒரு பைட், புள்ளியின் கடைசி பைட்டான 141, அடுத்த ஸ்லாட்டில் தன்னந்தனியாக. காலி ஸ்லாட் ஒன்றில் முதன்முறை எழுத, எத்திரியத்தின் 2021 பெர்லின் மேம்பாட்டுக்குப் பிந்தைய கணக்கில் 22,100 கேஸ் (செய்யும் வேலையை அளந்து கட்டணம் போடும் அலகு). புதுச்சேரிக்கு அது ஒரு தடவை. வில்லியனூருக்கு நீள ஸ்லாட்டும் சேர்த்து மூன்று தடவை, 66,300.

மாற்றுவதில் பிழை வந்தால் எவ்வளவு பெரிய இடமும் சிக்கும் என்பதற்கு எம்கேஆர் என்ற டோக்கன் (பிளாக்செயினில் நாணயம் போலக் கைமாறுவது) சாட்சி. டோக்கனின் பெயரும் குறியீடும் ஸ்ட்ரிங்காக வர வேண்டும் என்கிறது எத்திரியம் டோக்கன்களுக்கான இஆர்சி-20 தரநிலை. மேக்கர் திட்டத்தின் எம்கேஆர் அவற்றை பைட்ஸ்32 ஆகத் தருகிறது. ஸ்ட்ரிங்கை எதிர்பார்க்கும் வாலட் (டோக்கன்களை வைத்திருக்கும் பணப்பை மென்பொருள்), வந்த பதிலின் முதல் 32 பைட்டை ‘எழுத்துகள் எங்கே தொடங்குகின்றன’ என்று சொல்லும் எண்ணாகப் படிக்கும். சாதாரணமாக அங்கே 32 என்று இருக்கும். எம்கேஆரில் அங்கே இருப்பவை 77, 75, 82 என்ற மூன்று எழுத்துகளும் 29 பூஜ்யங்களும். எண்ணாகப் படித்தால் 77 இலக்கம். அவ்வளவு தூரத்தில் எந்தத் தரவும் இல்லை, வாலட் பிழை காட்டி நின்றுவிடும். போட்ட கான்ட்ராக்ட்டைத் திருத்த முடியாது. ஆகவே வெளியே இருக்கும் மென்பொருள்கள்தான் வளைந்துகொடுத்தன: முதலில் ஸ்ட்ரிங்காகப் படித்துப் பார், முடியவில்லையென்றால் பைட்ஸ்32 ஆகப் படித்துப் பூஜ்யங்களை வெட்டு என்று தனியாக எழுதிவைக்க வேண்டியதாயிற்று.

எல்லா பைட்ஸ்32-க்குள்ளும் எழுத்து இருக்கும் என்றும் நினைக்கக் கூடாது. ஹேஷ் என்றால் நடுவில் எங்கு வேண்டுமானாலும் பூஜ்யம் வரும். அதை ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) வடிவில், பைட்டுக்கு இரண்டு குறியாக 64 குறியில் காட்ட வேண்டும். 7 என்ற எண்ணை பைட்ஸ்32 ஆக்கினால் எண்கள் வலது ஓரத்தில் ஒட்டுவதால் முன்னால் 31 பூஜ்யங்கள் நிற்கும். நம் லூப் முதல் கட்டத்திலேயே நின்று வெற்று ஸ்ட்ரிங்கைத் தந்துவிடும்.

லூப்பே வேண்டாம் என்பவர்களுக்கு ஓபன்செப்பலின் என்ற நிறுவனத்தின் ஆயத்த நிரல் நூலகத்தில் ஷார்ட்ஸ்ட்ரிங்ஸ் இருக்கிறது. பைட்ஸ்32-இன் கடைசி பைட்டில் நீளத்தை எழுதிவைக்கும் ஏற்பாடு, 31 பைட் வரை செல்லும். திரும்ப ஸ்ட்ரிங் ஆக்கும்போது நினைவகத்தில் நீளத்தை முதலில் எழுதி, அடுத்து 32 பைட்டையும் ஒரே வீச்சில் எழுதிவிடுகிறார்கள். நீளம் 27 என்று முன்னால் சொல்லிவிட்டதால், அதற்குப் பின்னால் கிடப்பதை யாரும் படிக்கப்போவதில்லை. கான்ட்ராக்ட்டை பிளாக்செயினில் ஏற்றும்போதே (டிப்ளாய்) நிரலுக்குள் பதிந்துவிடும், பிறகு மாறாத இம்யூட்டபிள் மாறிகள் ஸ்ட்ரிங்காக இருக்க முடியாது, பைட்ஸ்32 ஆக இருக்கலாம். அங்கே இது பெரிய உதவி.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசு 2020-இலேயே பிளாக்செயினுக்கென்று கொள்கை வெளியிட்டது. வரவேற்கிறேன். ஆனால் நான் பார்த்த மாணவர் புராஜெக்ட்டுகளில் சோதனைத் தரவு பெரும்பாலும் ஆங்கிலப் பெயர்கள்தான். ஆங்கிலத்தில் ‘வில்லியனூர்’ ஒன்பது முதல் பதினொரு பைட், எந்தப் பிழையும் வெளியே வராது. பத்திரமும் பட்டாவும் தமிழ்ப் பெயர்களோடு பிளாக்செயினில் ஏறும் நாளில்தான் புள்ளி உடையும். பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்கும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கைத் தமிழ் எழுத்துகளைச் சோதிக்கும் பொதுத் தரவுத் தொகுப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று ஆணித்தரமாகச் சொல்வேன். புதிய கட்டடம் கட்டுவதைவிட மிகக் குறைந்த செலவு.

அந்தத் தொகுப்பில் கோரிமேடு என்ற ஊர்ப்பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். ‘கோ’வை இரண்டு விதமாகக் குறியேற்றலாம்: க-வோடு ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது க-வோடு ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாக. திரையில் இம்மியும் வேறுபாடு தெரியாது. முதலாவது 24 பைட், இரண்டாவது 27. பூஜ்யங்களைச் சரியாக வெட்டினாலும் ஹேஷ் பொருந்தாது. கான்ட்ராக்ட்டுக்குள் இதைச் சரிசெய்வது வீண் செலவு. பெயர் உள்ளே போவதற்கு முன்பே, இணையப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட்டில் நார்மலைஸ் என்ற ஒரே அழைப்பில் யுனிகோடின் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றி அனுப்பிவிடலாம். மாணவி தன் பட்டியலில் சோனாங்குப்பத்தைச் சேர்க்கும்போது ‘சோ’வுக்கும் இதையே செய்ய வேண்டும், அது 39 பைட் என்பதால் பைட்ஸ்32-ஐ விட்டு ஸ்ட்ரிங்குக்கே மாறிவிடுவது நல்லது.