மேகம் இறங்கும் ஊரில் சாம்பல் நிறம்

குன்னூரில் வடக்கு பார்த்த படுக்கையறை ஒன்றுக்கு இரண்டு சாம்பல் நிறங்களில் எதை அடிப்பது என்று வீட்டுக்கார அம்மா கேட்டபோது, ஷேடு கார்டில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்ததால், எங்கள் பெயிண்ட் கடையின் டியூப்லைட் வெளிச்சத்திலேயே ஒன்றைத் தொட்டுக் காட்டிவிட்டேன். ஜூலை மழையில் அந்தச் சுவர், சொட்டுநீலம் அதிகமாகிப்போன வேட்டியைப் போல நின்றது. "வீட்டுக்குள்ளயே மேகம் இறங்கின மாதிரி இருக்கு, தம்பி" என்றார் அவர்.

பிழை என்னுடையது. வெள்ளை பேஸில் (நிறம் கலப்பதற்கான அடிப்படை பெயிண்டில்) கறுப்பு மட்டும் கலந்தால் கிடைக்கும் சாம்பல் நீலத்தை நோக்கிச் சாயும். அதோடு சிறிது மஞ்சள் ஆக்சைடு என்ற காவிமஞ்சள் நிறமி சேர்ந்தால் மண்ணின் பக்கம் திரும்பும். விரல் அகல அட்டையில் தெரியாத இந்த அடிச்சாயல், நான்கு சுவரும் ஒன்றையொன்று பிரதிபலிக்கும் அறையில் கூடித் தெரியும்.

நீலகிரியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஆகவே வடக்கு ஜன்னலுக்கு வெயில் கிடைக்க வேண்டிய காலம் அதுதான், ஆனால் அதில் பாதியைத் தென்மேற்குப் பருவமழையின் மேகம் மூடிவிடுகிறது. வானம் தெளியும் ஜனவரியிலோ சூரியன் தெற்கே போய்விட, அந்த ஜன்னலுக்கு மிஞ்சுவது நீலவானத்தின் வெளிச்சம் மட்டுமே. எனவே இத்தகைய அறைகளுக்கு, சந்தேகம் வந்தால் மண்சாயல் உள்ளதையே இப்போது சொல்கிறேன்.

சொல்வதற்கு முன் சோதித்தும் பார்க்கிறேன். இரண்டு நிறத்தையும் தனித்தனி ஏ3 அட்டையில், ஓரத்தில் இரண்டு விரல் வெள்ளை விட்டு, இரண்டு கோட் அடிக்க வேண்டும். நேராகச் சுவரில் அடித்துப் பார்ப்பதை நான் விரும்புவதில்லை; பழைய மஞ்சள் டிஸ்டம்பருக்கு நடுவே எந்தச் சாம்பலும் நீலமாகத்தான் படும். எமல்ஷன் காய்ந்தபின் சற்று அடர்ந்துவிடும், மலைக்குளிரில் காய்வதும் தாமதம் என்பதால் மறுநாள்வரை முடிவெடுக்காதீர்கள். பிறகு அட்டைகளை ஜன்னலுக்கு எதிரிலும், இருட்டான மூலையிலும், பழைய பங்களாவானால் ரெட் ஆக்சைடு தரையை ஒட்டியும் வைத்துப் பாருங்கள். அந்தத் தரையின் செம்மை சுவரின் கீழ்ப்பகுதியில் ஏறுவது கண்கூடாகத் தெரியும். ஒரு மேகமூட்ட நாள், ஒரு வெயில் நாள், இரவில் அந்த அறையில் எரியப்போகும் பல்பு ஆகிய மூன்றும் கட்டாயம். மஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் பல்பில் அழகாக இருப்பது, நீலம் கலந்த வெள்ளை ஒளி தரும் 6500 கெல்வினில் வெளிறிப்போகலாம். சுவரில் ஓதம் இருந்தால் இதெல்லாம் வீண். முதலில் அதைக் கவனியுங்கள்.

அந்தப் படுக்கையறைக்கு என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். மீந்த நீலச்சாம்பலை அதே வீட்டின் மேற்கு பார்த்த மாடிப்படிச் சுவரில் அடித்தோம். மாலை நான்கு மணி வெயிலில் அதில் நீலமே தெரிவதில்லை.